தனி டம்ளரும் விடுதலைப் பத்திரமும்

அந்தத் தாளை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அக்கா. "இதை வீட்டில் எங்கே வைப்பேன் கண்ணு? அரிசிப் பானைக்குள் வைத்தாலும் அரிசி அள்ள யாராவது வருவார்கள்."

அது ஆய்வுக்கான ஒப்புதல் படிவம். இரண்டு பிரதிகள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. பங்கேற்பவர் தம் பிரதியைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் விதி. அவருடைய உரிமைக்குச் சாட்சி அந்தத் தாள்தானே. தலைப்பைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தேன்: 'எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் அன்றாட வாழ்க்கை'. பத்து ஆண்டுகளாக ஊர் காதில் விழாமல் அவர் காத்துவந்ததை, அவரைக் காப்பதற்கென்று நான் கொண்டுபோன தாள் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தது. சமூகக் கறையைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் கோஃப்மனைப் பட்டப்படிப்பிலிருந்து படித்துவந்தவள் நான். அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்தபோது ஒரு நொடிகூட உறுத்தவில்லை.

கோவை, ஈரோடு பக்கத்து ஆய்வு மாணவிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. களத்துக்குப் போவதற்கு முன்பே கோட்பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டுமா, திரும்பி வந்து பொருத்திக்கொள்ளலாமா? நேரில் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையில், கோட்பாடு எனக்குக் கைகொடுத்த இடங்களைவிட அதை நான் தப்பாகப் பிடித்த இடங்களைச் சொன்னால்தான் பதில் விளங்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதில் வரும் பெண்களின் ஊர், வயது, குடும்பம் எல்லாவற்றையும் கலைத்து மாற்றியிருக்கிறேன். பெயரும் வைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: லாரி. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், சங்ககிரியில் லாரி செட்டுகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். ஆண்கள் வண்டியேறினால் மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று மாதக்கணக்கில் போய்விடுவார்கள். 1986-இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில், கர்ப்பிணிகளிடம் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று காணப்பட்ட 'ஏ' பிரிவு மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல்லும் இடம்பெற்றது.

அரசுத் திட்டங்களின் மொழியில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் போன்றோர் 'அதிக ஆபத்துக் குழு'. லாரி ஓட்டுநர்களும் இடம்பெயர் தொழிலாளர்களும் 'பாலம்'. மனைவியர் 'பொது மக்கள்'. இந்தப் பாலம் என்ற சொல்லை நான் வெகுநாள் யோசித்தேன். பாலத்தின் அக்கரையில் நிற்பவளை எவரும் ஆபத்தில் இருப்பவளாக எண்ணவில்லை. கர்ப்பம் தரித்தால்தான் கணக்கெடுப்பவர் கண்ணில் அவள் படுவாள். 2000-களின் தொடக்கத்தில் சுவர்களிலும் பஸ்களிலும் எங்கு பார்த்தாலும் இருந்த அந்த விளம்பரம் நினைவிருக்கிறதா? "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" ஊரே கேட்டுச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் நாங்களும் கேட்டுக்கொண்டு திரிந்தோம். புள்ளிராஜாவின் சம்சாரத்துக்கு வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மனிதர்களை வகைகளாகப் பிரித்து எண்ணுவதும் ஓர் அதிகாரம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் வழியில் வகுப்பில் படித்தபோது அது பிரான்சு நாட்டுச் சமாசாரமாகத் தோன்றியது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ஒரு நம்பிக்கை மையத்தின் பதிவேட்டில் 'தொற்று வந்த வழி' என்ற கட்டத்தில் 'கணவர்' என்று மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்தில் நிரம்பியிருந்ததைப் பார்த்த அன்றுதான் அது எங்கள் பரமத்தி ரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

கோஃப்மனுக்குத் திரும்புகிறேன். 1963-இல் அவர் எழுதியதில் எனக்குப் பயன்பட்டது ஒரு சின்னப் பாகுபாடு. கறை ஊருக்குத் தெரிந்துவிட்டவர் ஒரு வகை. இன்னும் தெரியாதவர், ஆனால் எந்நேரமும் தெரிந்துவிடக்கூடியவர் இன்னொரு வகை. முதலாமவர் பிறர் முகச்சுளிப்பைச் சமாளிக்க வேண்டும். இரண்டாமவர் செய்தியைச் சமாளிக்க வேண்டும்: யாரிடம் சொல்வது, எதை மறைப்பது, எந்தப் பொய்யை எத்தனை நாள் காப்பாற்றுவது. நான் சந்தித்த பெண்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து பிளாஸ்டிக் டப்பியில் வரும். பையில் போட்டு நடந்தால் மாத்திரைகள் கிலுகிலுப்பைபோலச் சத்தம் போடும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு பெண் மையத்தை விட்டு வெளியே வந்ததும் என்ன செய்வார் என்பதை ஒருநாள் கூடவே இருந்து பார்த்தேன். பஸ் நிலையக் கழிப்பறைக்குள் போவார். டப்பியைத் திறந்து, முந்தானையில் முடிந்துவைத்திருக்கும் பஞ்சை எடுத்து மாத்திரைகளுக்கு மேல் அமுக்குவார். காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவார். சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் பஞ்சு. பிறகு நகத்தால் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போனதும் எல்லாம் ஒரு பழைய பெருங்காய டப்பாவுக்குள் இடம் மாறும். "தைராய்டு மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன். சுகர் என்று சொன்னால் ஆளாளுக்குக் கைவைத்தியம் சொல்வார்கள், இனிப்பைத் தொடவிட மாட்டார்கள். தைராய்டு என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது." எந்த நோயைப் பொய்யாகச் சொல்வது என்பதில் இவ்வளவு ஆராய்ச்சி.

பக்கத்து ஊர் மையத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதிலிருந்து அவர்களில் ஒருவர் நேர் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்களாகவே மாறி மாறிப் போகிறார். அரை நாள் கூடுதலாகும். தறிக்காரரிடம் அந்த அரை நாளுக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும்.

நானும் அந்தப் பொய்களுக்குள் வந்து சேர்ந்தேன். ஸ்கூட்டரில் ஊருக்குள் நுழையும் பெண் யார் என்று கேட்பார்கள் அல்லவா? ஓரிடத்தில் மகளிர் குழு மேடம், இன்னோரிடத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஒரு வீட்டில் மகனின் டியூஷன் டீச்சர். டியூஷன் டீச்சரானதற்காக அந்தப் பையனுக்கு உண்மையாகவே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கறை படிந்தவரின் ரகசியம் அறிந்து அவருக்கு அனுசரணையாக நிற்கும் வெளியாளுக்குக் கோஃப்மன் தனிப் பெயரே வைத்திருக்கிறார். அவருக்கும் பின்னக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியதாக நினைவில்லை.

சரி, 'ஸ்டிக்மா' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? களங்கம் என்கிறோம், கறை என்கிறோம், சிலர் இழிமுத்திரை என்கிறார்கள். நான் பேசிய 20-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒருவர் வாயிலும் இவை வரவில்லை. அவர்கள் சொன்ன சொல் 'பேச்சு'. "பேச்சு வந்துவிடும்." "பேச்சுக்கு ஆளாக வேண்டியிருக்கும்." களங்கம் என்றால் அது அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள், கழுவலாமா, கழுவ முடியாதா என்று பார்க்கத் தோன்றும். பேச்சு அவளிடம் இல்லை. திண்ணையில், நோம்பிக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சு வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அதற்கு விலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

அதற்கு முன் வாழ்க்கைக்கோடு பற்றி. மைக்கேல் பியூரி 1982-இல் இங்கிலாந்தின் முடக்குவாத நோயாளிகளிடம் பேசி, நீண்டகால நோய் ஒருவரின் வாழ்க்கைக் கதையையே நடுவில் முறித்துப்போடுகிறது என்று எழுதினார். முறிவுக்கு முன், முறிவுக்குப் பின். எச்.ஐ.வி.க்கு இதைவிடப் பொருத்தமானது இருக்குமா என்று நினைத்து, ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, "உங்கள் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட நாள்களைக் குறியுங்கள்" என்று கொடுத்தேன். நடுவில் பெரிதாக ஒரு புள்ளி விழும், அது பரிசோதனை முடிவு வந்த நாளாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

குமாரபாளையம் பக்கம் ஒருவர் குறித்தது இது: அப்பன் தறிக்காரரிடம் முன்பணம் வாங்கிய வருடம், தான் ஆறாவதோடு பள்ளியை விட்டுத் தறிக்குப் போன நாள், கல்யாணம், மீண்டும் ஒரு முன்பணம், கணவர் சாவு, அந்தக் கடனும் தன் தலையில் விழுந்த நாள். தாளை என்னிடம் நீட்டிவிட்டார். "நோய்?" என்று கேட்டேன். "அட, ஆமாம்" என்று வாங்கி, ஓரத்தில் எறும்பு அளவில் ஒரு புள்ளி வைத்தார். "மாத்திரைதான் சும்மா கொடுக்கிறார்களே. முன்பணத்தை யார் சும்மா விடுவார்கள்?"

2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதால் சாத்தியமான வாக்கியம் அது. அதற்கு முன்பு என்றால் அந்தப் புள்ளி தாளையே விழுங்கியிருக்கும். ஆனாலும் என் முறிவுக் கோட்பாடு அன்று மதியமே நொண்டத் தொடங்கிவிட்டது. முறிவதற்கு முதலில் நேராக ஓடிய ஒரு வாழ்க்கை வேண்டும். பிரான்சில் ஹீமோஃபிலியா என்ற இரத்தம் உறையாத நோய் உள்ள ஆண்களிடம் ஆய்வு செய்த கரிக்காபுரூவும் பியரேயும் 1995-இல் ஏறத்தாழ இதையே எழுதியிருந்தார்கள்: பிறந்ததிலிருந்தே நோயோடு வாழ்ந்தவர்களுக்கு எச்.ஐ.வி. பழைய கதையை இன்னும் அழுத்தமாக எழுதியது. எங்கள் பக்கத்தில் அந்தப் பழைய கதையின் பெயர் முன்பணம்.

இன்னொரு பெயரும் உண்டு. ஒரு தோட்டத்து வீட்டில், நிலபுலன் உள்ள குடும்பத்து மருமகள், தனக்கு மட்டும் வட்டலும் டம்ளரும் தனியாக வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் கவிழ்த்து வைத்திருப்பதைக் காட்டி அழுதார். டம்ளரின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தது, மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க. என் குறிப்பேட்டில் அந்தக் கீறலை வரைந்துகூட வைத்தேன். அடுத்த வாரம் அருந்ததியர் தெருவில் ஒருவரிடம், "உங்களுக்கு யாராவது தனி டம்ளர் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எந்த டம்ளரைக் கேட்கிறீர்கள் அம்மிணி? நோய் வந்த பிறகு கொடுத்ததையா, அதற்கு முன்பு கொடுத்ததையா?"

கேள்வி கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். அந்தக் கடைகளில் எந்தக் குவளை எனக்கு வரும் என்பதும் தெரியும். தனி டம்ளர் என்றதும் எச்.ஐ.வி. என்று குறிக்கத் தோன்றியது, என் வீட்டு அலமாரியில் எல்லா டம்ளரும் ஒன்றாக இருந்ததால். கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை வைத்து, நிறமும் பாலினமும் குறுக்கிடும் இடத்தில் நிற்பவரை இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் சட்டம் தவறவிடுகிறது என்று எழுதியதை நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்த மேற்கோள்களெல்லாம் சேர்ந்தும் அந்தச் சிரிப்பு செய்ததைச் செய்யவில்லை. ஆனால் சிரிப்புக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்குக் கிரென்ஷா வேண்டியிருந்தது. அதுவரை எழுதிய நேர்காணல் பிரதிகள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, 'விலக்கி வைத்தல்' என்று நான் குறித்திருந்த ஒவ்வோர் இடத்திலும் இது எதன் விலக்கு என்று மறுபடி கேட்டேன். நோயினுடையதா, சாதியினுடையதா, தாலி அறுத்ததனுடையதா? பாதி இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை. அட்டவணையில் அடங்காது என்றார்.

இப்போது தாளைத் திருப்பிக் கொடுத்த அக்காவிடம் வருகிறேன். கணவர் ரிக் வண்டியில் போனவர், 2010 வாக்கில் இறந்தார். கணவரின் அண்ணனான மச்சாண்டாரின் குடும்பத்தோடு ஒரே தோட்டத்தில் அக்கா வாழ்கிறார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவருக்கு என்னவென்று தெரியும். தனி வட்டல் இல்லை, தனிப் பாய் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது நங்கையாள்தான் தலைவாரிப் பின்னிவிட்டதாகச் சொன்னார். மச்சாண்டார் பையனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறார். முதல் நேர்காணலின் ஓரத்தில் நான் எழுதியது: 'களங்க அனுபவம் இல்லை. ஆதரவான குடும்பம்.' எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்துப்போயிற்று. அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடாமல் ஒருநாளும் விட்டதில்லை.

பல மாதங்கள் கழித்து பார்க்கரும் அக்கிள்டனும் 2003-இல் எழுதிய கட்டுரையை இரண்டாம் முறையாகப் படித்தேன். களங்கத்தைத் தனி மனிதர்களின் மனத்தில் இருக்கும் தப்பெண்ணமாகப் பார்த்தது போதும். ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை அது எப்படி உறுதிப்படுத்துகிறது, அதிகாரத்துக்கு எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள் என்பது அதன் சாரம். முதல்முறை படித்தபோது அடிக்கோடிட்டேன், அவ்வளவுதான். இரண்டாம் முறை, அந்த வீட்டு நேர்காணல் மேசையில் விரிந்து கிடந்தபோது, அது ஒரு கேள்வியாக மாறியது: இதில் யாருக்கு என்ன லாபம்? மறுநாள் காலையில் திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறினேன்.

"அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பங்கு நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது?"

கருமாதி முடிந்து ஒரு மாதத்துக்குள் காரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரம். தோட்டத்தில் ஒன்றேகால் ஏக்கர். "உன் வைத்தியத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மருந்து சும்மாதான் கிடைக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது கண்ணு." பிறகு தெரிந்ததும் கேட்கவில்லையா? "கேட்டால் பஞ்சாயத்துக்குப் போகும். பஞ்சாயத்துக்குப் போனால் அவர் எதனால் செத்தார் என்ற பேச்சு வரும். பையனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" கொஞ்சம் நிறுத்தி, "அவர்கள் நல்லவர்கள்தான்" என்றார்.

நல்லவர்கள்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி கைம்பெண் முதல் நிலை வாரிசு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பெண்ணுக்குக் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. அந்த உரிமையை அந்த வீட்டில் எவரும் மறுக்கவும் இல்லை. யாரும் கடுஞ்சொல் சொல்லாமல், ஒரு டம்ளரில்கூடக் கீறல் போடாமல், ஒன்றேகால் ஏக்கர் கைமாறியிருக்கிறது. வராத பேச்சே வேலையை முடித்துவிட்டது. டெனிஸ் கண்டியோட்டி 1988-இல் ஆணாதிக்கத்தோடு பெண்கள் நடத்தும் பேரம் என்று எழுதியதை இங்கே வைத்துப் பார்த்தால் அக்காவும் ஏமாளி ஆகிவிடவில்லை என்பது தெரிகிறது. நிலத்தைக் கொடுத்து வீட்டையும் பள்ளிக் கட்டணத்தையும் ஊரின் மௌனத்தையும் வாங்கியிருக்கிறார். விலை கூடுதல், அதுவும் அவருக்குத் தெரியும்.

இது ஏன் முதலிலேயே எனக்குத் தெரியவில்லை என்று யோசித்தபோதுதான் வயிறு கலங்கியது. எங்கள் வீட்டில் என் அத்தை இருவரும் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள். சீர் செய்தோமே, வேறென்ன என்பதுதான் வீட்டுப் பேச்சு. அந்தத் தோட்டத்து வருமானத்தில்தான் நான் சமூகவியல் படித்தேன். பெண் கையெழுத்துப் போட்டு நிலம் கைமாறுவது எனக்குக் கள விவரமாகவே பட்டிருக்காது. வெளிநாட்டார் இருவர் எழுதிய கட்டுரை வந்துதான் என் வீட்டு நடையைக் காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே அந்த மாணவிகளுக்கு நான் சொல்வது: முன்பா பின்பா என்று குழம்ப வேண்டாம். எதைப் படித்தாலும், அதைப் படித்தபின் அதே பெண்ணிடம் திரும்பிப் போய்க் கேட்க வேறொரு கேள்வி கிடைத்ததா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் சொன்னதற்கு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. நாமக்கல்லில் பிறந்த பி. கௌசல்யா 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். நம்மில் பலர் இந்தக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான்.

கடைசியாகப் போனபோது மச்சாண்டார் வீட்டில் இல்லை. அக்கா ஒரு மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்தார். எட்டாவது வரை படித்தவர்தான். பத்திர எழுத்து புரியவில்லை, வாசித்துச் சொல் என்றார். எல்லைகளை வாசித்தேன்: கிழக்கே வண்டித்தடம், தெற்கே இன்னார் பூமி. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வோர் எல்லையும் அவர் களை எடுத்த இடம். பிறகு அந்த வரி வந்தது: 'எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, நல்ல நினைவுடன், மனப்பூர்வமாகச் சம்மதித்து...'

"அன்று எனக்கு 102 காய்ச்சல்" என்றார். சிறிது நேரம் கழித்து, "உங்கள் தாளிலும் இப்படித்தானே எழுதியிருந்தது கண்ணு?"

கட்டுத்தரையில் மாடு கத்தியது. நகலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சோளத்தட்டு எடுத்துப்போட எழுந்து போனார்.